ஆமென் அங்கிளின் அரைத் தேங்காய்

கடவுளிடம் சாமான் கேட்டு, வந்த சாமான் சரியில்லை என்று முறைப்பாடும் கொடுத்த ஒரே மனிதர் வெள்ளவத்தையில் எங்கள் ஆமென் அங்கிள்தான்.

கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி வீட்டைப் பலகை அடித்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் நானும் மனைவி கமலாவும். மற்றப் பாதியில் தனியாளாக அங்கிள். மருதானையில் இரும்புப் பட்டறை ஒன்றில் காலமெல்லாம் வேலை செய்ததில் அவருடைய காது போய்விட்டது. அதனால், மெல்ல முணுமுணுப்பதாக நினைத்து அவர் செய்த காலை ஜெபம் காலி வீதி பஸ் ஹோர்னையும் தாண்டிக் கேட்டது. "நான் மனிசரிட்டைக் கேக்கமாட்டன், ஆண்டவரிட்டை மட்டும்தான்" என்பது அவருடைய கொள்கை. பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த பாவத்துக்கு நாங்கள் அந்தக் கொள்கையில் மாட்டிக்கொண்டோம்.

"ஆண்டவரே, தேங்காய் முடிஞ்சுது. அரைத் தேங்காய் போதும். ஆமென்!"

காதில் விழுந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? கமலா அரைத் தேங்காயை அவர் வாசலில் வைத்துவிட்டுப் பூனை மாதிரித் திரும்புவாள். சற்று நேரத்தில் எங்கள் கதவு அதிரும்.

"தம்பி, பாத்தீரோ? கேட்டனான், அனுப்பிப்போட்டார். இந்தாரும், உங்களுக்கும் ஒரு துண்டு."

எங்கள் தேங்காயில் எங்களுக்கே தானம்! வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொல்லவேண்டும். அதையும் பொறுத்துக்கொண்டோம். பருப்பு வைத்த மறுநாள் வந்த ஜெபத்தைத்தான் பொறுக்கமுடியவில்லை.

"ஆண்டவரே, போனமுறை தந்த பருப்பிலை கல்லுக் கிடந்தது. நான் குறை சொல்லேல்லை. உமக்குத் தெரிஞ்சிருக்கவேணும் எண்டு சொல்லுறன்."

கமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இஞ்சருங்கோ, ஆரின்ரை பருப்பிலை கல்லாம்? நான் புடைச்செல்லோ வைச்சனான்!" என்று குதித்தாள். ஆனாலும் அதற்குப் பிறகு இரண்டு தரம் புடைத்தாள்.

பிறகு நாட்டுக்கே கெட்டகாலம் வந்தது. காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. எனக்கு அரைச் சம்பளம். பலகைக்கு அப்பால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டாலே கமலா வெறும் தேங்காய்க் கூடையை எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் காலை, "ஆண்டவரே, அரைத் தேங்காய்..." என்று அவர் தொடங்கியதும் கமலா உடைந்துபோனாள்.

"ஐயோ, எங்கடை பானையே கவிண்டு கிடக்கு. இந்த மனிசனுக்கு நான் எங்கை போவன்?"

அப்பால் குரல் சட்டென்று நின்றது. ஆமென் கூட வரவில்லை.

அன்று மாலை படியில் கண்டபோது அவர் காதில் சின்ன மிஷின் ஒன்று இருந்தது. "நேற்றுச் சபை ஆக்கள் வாங்கித் தந்தவை, தம்பி. இப்ப எல்லாம் வடிவாக் கேக்குது" என்று சிரித்தார். அதற்குப் பிறகு பலகைக்கு அப்பால் ஜெபமே கேட்கவில்லை. சபையார் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஒரு காலையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினோம். அங்கிள் தரையில் கிடந்தார். கழுவித் துடைத்துக் கவிழ்த்த பானையைத் தவிர அடுப்படியில் ஒன்றுமில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டைகூட இல்லை.

"ஏன் அங்கிள் கேக்கேல்லை?" என்று கமலா அழுதாள்.

"கேட்டனான், பிள்ளை. மெல்லமாச் சொன்னாலும் அவருக்கு விளங்கும்தானே."

"எங்களுக்கு விளங்கேல்லையே, அங்கிள்!"

பொரளையில் ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் கையை விரித்துவிட்டார். கமலா எங்கெங்கோ அலைந்து தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தாள். ஒரு கரண்டிக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. மிஷினைக் கழற்றி என் கையில் தந்தார். கண்ணை மூடினார். அந்தப் பழைய குரல் எழும்பியது. வாட்டே திரும்பிப் பார்த்தது.

"ஆண்டவரே, கஞ்சி வந்தது, ஸ்தோத்திரம். உப்புக் கொஞ்சம் கூட. நான் குறை சொல்லேல்லை. எனக்கு இனி ஒண்டும் வேண்டாம். இந்தப் பிள்ளையளின்ரை பானையை மட்டும் பாத்துக்கொள்ளும். ஆமென்!"

மறுநாள் நாங்கள் போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது.

எங்கள் பானை இன்றைக்கும் அரைவாசிதான் நிரம்புகிறது. கமலா இன்றைக்கும் பருப்பை இரண்டு தரம் புடைக்கிறாள். நான் திருநீறு பூசுகிற ஆள், ஜெபம் செய்யத் தெரியாது. ஆனாலும் சில காலைகளில் பலகைப் பக்கம் திரும்பி, கல்லுக் கிடக்கிறது என்று சொல்லவாவது அந்த மனிதரை ஒருதரம் அனுப்பிவிடும், ஆண்டவரே என்று சத்தமாகவே கேட்கிறேன்.