ஓட்டை விழாத சுவர்

தென்காசி தனி மாவட்டம் ஆனதில் மக்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை, முன்பு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய் அலைந்த அலைச்சலை இப்போது உள்ளூரிலேயே அலைந்து கொள்ளலாம் என்பதுதான். அப்படிப் புதிதாக வந்த அலுவலகங்களில் ஒன்று 'இணையவழி மலிவு மோசடி விழிப்புணர்வுப் பிரிவு'. மொத்தம் மூன்று பேர். கண்காணிப்பாளர் பால்வண்ணநாதன், உதவியாளர் உமாராணி, அலுவலக உதவியாளர் மாடன். உமாராணியும் மாடனும் வேலை பார்ப்பார்கள். பால்வண்ணநாதன் அவர்களைப் பார்ப்பார்.

இந்தப் பிரிவின் தலையாய கடமை குற்றாலத்தில் ஒரு பலகை வைப்பது. சாரல் விழுந்துவிட்டால் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்தில் துண்டோடு நிற்கும். தலை துவட்டிக்கொண்டிருக்கிற மனிதன் எதிரில் எது இருந்தாலும் வாசிப்பான் என்று சென்னையில் ஆராய்ந்து முடிவு செய்திருந்தார்கள். பலகையும் வந்து சேர்ந்துவிட்டது. ஆள் உயரம், இரும்புச் சட்டம். 'மலிவு என்று மயங்காதே! இணையத்தில் ஏமாறாதே!' என்று கொட்டை எழுத்து. பேரருவிக்குப் போகும் வழியில் பிரிவுக்கென்று ஒரு சின்னக் கட்டடம் இருந்தது. அதன் முகப்புச் சுவரில் நாலு ஓட்டை போட்டுப் பலகையை மாட்டினால் வேலை முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஆணையர் மகாதேவன் நேரில் வந்து திறந்து வைக்கிறார். "அன்னைக்குப் பலகை சுவர்ல இல்லைன்னா, நீங்க தென்காசியில இல்லை" என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஓசூர்ப் பக்கம் ஒரு காலியிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பால்வண்ணநாதனோ மேலகரத்தில் அப்போதுதான் வீடு கட்டிப் பால் காய்ச்சியிருந்தார். மேற்கே பார்த்த வாசல். சீசனில் கதவைத் திறந்து வைத்தால் சாரல் நேரே உள்ளே வந்து சுகம் விசாரித்துவிட்டுப் போகும். அந்த வாசலுக்காகவே வெயில் ஊர்களில் இருபது வருஷம் வெந்து உத்தியோகம் பார்த்தவர் அவர். முதல் சாரல்கூட இன்னும் வந்தபாடில்லை, அதற்குள் பூட்டிவிட்டுப் போ என்றால் எந்த மனுஷனுக்குத்தான் பொறுக்கும்?

"எங்க அண்ணன் மைனி வீட்டுல டிரில் மெஷின் சும்மாதான் கெடக்கு சார். மத்தியானம் கொண்டாந்துருதேன். அரை மணி நேர சோலி" என்றாள் உமாராணி.

பால்வண்ணநாதன் அவளை அனுதாபத்தோடு பார்த்தார். "உங்க மைனி தனியார். சுவரு அரசாங்கத்தோடது. தனியார் மெஷின் வச்சு அரசாங்கச் சுவத்துல ஓட்டை போட்டா, அந்த ஓட்டை யாருக்குச் சொந்தம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"அப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில வாங்கிருவோமா சார்?"

"விலை கேட்டேன். ஒரே விலைதான் சொல்லுதான். அரசாங்கம் குறைஞ்ச விலைக்குத்தான் வாங்கணும். குறைஞ்ச விலைன்னா அதைவிடக் கூடின விலை ஒண்ணு வேணும்லா?"

அன்று மாலை அவருடைய செல்போனில் ஓர் ஏல வியாபாரி தென்பட்டான். புத்தம் புதிய டிரில் மெஷின், பெட்டி பிரிக்காதது, ஏலத்தில். பச்சை நிறத்தில் பளபளவென்று படம் போட்டிருந்தது. கீழே ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு விலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரம், அதற்கு மேலே ஐம்பது, அதற்கு மேலே நூறு.

இங்கேதான் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏலம் என்றால் கூடக் கேட்டவனுக்குப் பொருள் என்பது ஊரில் ஆடு வாங்குகிறவனுக்கும் தெரியும். ஆனால் பால்வண்ணநாதன் இருபது வருஷமாக டெண்டர் கவர் பிரித்தவர். அவர் அறிந்த உலகத்தில் குறைத்துக் கேட்டவனுக்குத்தான் வெற்றி. இந்தப் பயல்கள் எல்லாம் விவரம் கெட்டுப் போய் விலையை ஏற்றுகிறார்களே என்று பரிதாபப்பட்டு, அவர் முந்நூறு என்று போட்டார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று, தன் விலையைத் தானே வெட்டி, இருநூற்றுத் தொண்ணூறு என்று போட்டார்.

பொருள் அவருக்கே விழுந்தது. 'வாழ்த்துகள்! நீங்கள் வென்றுவிட்டீர்கள்! பணத்தை உடனே அனுப்பவும்!' என்று பூவும் பட்டாசுமாகச் செய்தி வந்தது. வேறொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருப்பார். பால்வண்ணநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்குத வியாபாரி ஒருத்தன் இன்னும் இருக்காம்லா!" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

மறுநாள் உமாராணி கேட்டாள். "ரெண்டாயிரத்துக்குக் கேட்டவன விட்டுட்டு முந்நூறுக்கும் கொறச்சலாக் கேட்டவருக்குக் குடுக்கான்னா, அவன் என்ன லூசா சார்?"

"லூசு இல்ல. நேர்மை. நமக்கு அதப் பாத்துப் பழக்கம் இல்ல, அதான் அப்படித் தெரியுது."

புதன்கிழமை கூரியர் வந்தது. துளையிடும் இயந்திர ஏற்புக் குழு உடனடியாகக் கூடியது. மூன்று பேரும்தான் குழு. பெட்டியைப் பிரித்தார்கள். படத்தில் கண்டபடியே பச்சை, பளபளப்பு. கையில் எடுத்தால் மட்டும் பிறந்தநாள் பலூன் கனம். "நவீன வடிவமைப்பு" என்று குழு ஒருமனதாகக் கருத்துத் தெரிவித்தது. குழுவில் இரண்டு பேர் வாயைத் திறக்கவில்லை.

மாடன் குற்றாலத்துக் கட்டடத்தில் வயரைச் சொருகிப் பொத்தானை அழுத்தினான். அடேயப்பா, அதென்ன சத்தம்! பக்கத்துச் சிப்ஸ் கடையில் எண்ணெய்ச் சட்டி நடுங்கியது. வழியில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சத்தத்தைக் கேட்டால் மலையைக் குடைந்து அந்தப் பக்கத்துக்கு வழி விடுகிறார்கள் என்றே தோன்றும். ஆனால் முனையிலிருந்த கம்பி சுவரில் பட்டதும், அவித்த முருங்கைக்காய் மாதிரித் துவண்டு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. சுவரில் ஓட்டை விழவில்லை. பட்ட இடம் கொஞ்சம் பளபளப்பானதுதான் மிச்சம்.

"சுவரு ரொம்பக் கெட்டி" என்றார் பால்வண்ணநாதன்.

"சார், இது கவர்மெண்டு கட்டடம்" என்றான் மாடன்.

அது நியாயமான சந்தேகம்தான். அரசாங்கக் கட்டடத்துச் சுவரில் ஓட்டை விழவில்லை என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. காண்டிராக்டர் அளவுக்கு மீறிச் சிமெண்ட் கலந்துவிட்டாரா என்று விசாரிக்கும்படி பால்வண்ணநாதன் உடனே மேலிடத்துக்கு எழுதினார்.

அவர்கள் இப்படி ஆழ்ந்த யோசனையில் இருந்தபோது கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி மெஷினைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. குற்றாலத்துக் குரங்கு எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. மூக்குக் கண்ணாடி போனாலும் போனதுதான். அந்தக் குரங்கு மெஷினை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. முகர்ந்து பார்த்தது. பிறகு இறங்கி வந்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனது.

"அதுக்கே தெரிஞ்சு போச்சு சார்" என்றாள் உமாராணி. "பேசாம புகார் குடுத்துருவோம்."

"யார்கிட்ட?"

"இணையத்துல ஏமாந்தா நம்மகிட்டதான் குடுக்கணும்."

"நாம வாங்குவமா?"

"பொதுமக்கள் குடுத்தா வாங்குவோம் சார். நாமளே ஏமாந்தோம்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாமளேதான் நம்மள விசாரிக்கணும்."

பால்வண்ணநாதன் அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தார். அந்த விசாரணையில் தான் தப்ப வழியே இல்லை என்று பட்டது. மேலகரத்து வாசலும், ஓசூர் பஸ்ஸும் மாறி மாறிக் கண்முன் வந்தன. "மைனி மெஷின வேணா..." என்று ஆரம்பித்தவர், தானே சொன்ன சட்டம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. சாரலும் சேர்ந்தே வந்தது. ஆணையர் மகாதேவன் ஜீப்பை விட்டு இறங்கியபோது பலகை சுவரில் கம்பீரமாக நின்றது. சுவருக்கும் பலகைக்கும் நடுவே மாடன் நின்றான். அவன் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது வெளியே தெரியவில்லை.

ஆணையர் ரிப்பனை வெட்டினார். கைத்தட்டல். பால்வண்ணநாதன் மெஷினைக் கையில் ஏந்தி ஒரு நிமிஷம் சத்தம் காட்டினார். பலத்த கைத்தட்டல். "வேலைன்னா இப்படிக் காதுல விழணும்" என்று ஆணையர் பாராட்டினார். பத்திரிகைக்காரர்கள் மெஷினோடு இருவரையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

அப்போது பலகை தும்மியது.

ஆணையர் மெதுவாகப் பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தார். மாடன் உள்ளேயிருந்து கும்பிட முயன்றான். பலகை ஒரு பக்கம் சரிந்தது.

"இது என்ன?"

இருபது வருஷ அனுபவம் பால்வண்ணநாதனைக் கைவிடவில்லை. "பணி நடைபெற்று வருகிறது சார். சுவர் எதிர்பார்த்ததைவிடத் தரமாக இருப்பதால் துளை விழக் கால தாமதம் ஆகிறது. அதுவரை பலகையின் பாதுகாப்புக்காகப் பணியாளர் ஒருவர் நியமிக்கப்பட்டுள்ளார்."

"மெஷின் என்ன விலை?"

அவர் விலையைச் சொன்னார். ஆணையரின் முகத்தில் கோபம் அப்படியே நின்று, ஆச்சரியமாக மாறி, பிறகு பக்தியாகவே ஆகிவிட்டது. அவர் பால்வண்ணநாதனைத் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்த சைட்டு?"

மறு வாரமே இரண்டு உத்தரவுகள் வந்தன. மாவட்டத்துக்கு ஒன்று வீதம் அதே வியாபாரியிடம் அதே மெஷின் வாங்க வேண்டும் என்பது ஒன்று. அதை இயக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால், குற்றாலத்துச் சுவரில் பணி முடியும்வரை பால்வண்ணநாதனை எங்கும் மாற்றக் கூடாது என்பது மற்றொன்று.

அன்றிலிருந்து அவருக்கு அந்தச் சுவர்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. தினமும் காலையில் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சத்தம் எழுப்புவார். சாயங்காலம் மேலகரத்துக்குப் போய், கதவைத் திறந்து வைத்துச் சாரலோடு காப்பி குடிப்பார். ஒரு நாள் மாடன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் உமாராணி மைனி வீட்டு மெஷினைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். அது சுவரைத் தொடப் போன நேரத்தில் பால்வண்ணநாதன் ஓடிவந்து குறுக்கே விழுந்தார்.

"ஓட்டை விழுந்துச்சுன்னா என் குடும்பம் ஓசூருக்குப் போயிரும் தாயி! எடுத்துட்டுப் போயிரு!"

உமாராணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாடனைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது. மெஷினைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் மாரிச்செல்வம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஈரத் துண்டோடு பலகைக்கு முன்னால் வந்து கத்தினார். கையில் அதே பச்சை மெஷின்.

"ஏமாறாதேன்னு போட்டிருக்கியளே, ஏமாந்துட்டு வந்திருக்கேன்! பேப்பர்ல நீரும் ஆணையரும் இதப் பிடிச்சுக்கிட்டு நின்ன படத்தப் பாத்துத்தான்வே நானும் வாங்கினேன்! கத்தரிக்காகூட ஓட்டையாக மாட்டேங்கு!"

கூட்டம் கூடிவிட்டது. பால்வண்ணநாதனுக்கு அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்கக் கூசியது. அதுவரை இல்லாத ஒரு மனசாட்சி திடீரென்று எட்டிப் பார்க்க, கையைக் கூப்பிக்கொண்டு உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, நானும் ஏமாந்தவன்தான். ரெண்டாயிரத்துக்குக் கேட்டவங்களை விட்டுட்டு இருநூத்தித் தொண்ணூறுக்கு எனக்குக் குடுத்தான். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். யாரும் வாங்காதிய!"

மாரிச்செல்வத்தின் முகம் சிவந்தது.

"இருநூத்தித் தொண்ணூறா? எனக்கு அறுநூறு போட்டாம்லா! எப்படிவே கொறச்சீரு?"

"கொறச்சுக் கேட்டாக் குடுப்பானா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "எந்த சைட்டு?" என்றாள் எண்ணெய் தேய்த்த தலையோடு ஓர் அம்மாள். ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் செல்போனை எடுத்தார்கள். அப்போது பலகைக்குப் பின்னாலிருந்து மாடனின் குரல் வந்தது.

"சார், பலகை தாங்குத ஸ்டாண்டு ஒண்ணு ஏலத்துல வந்திருக்கு! விலையச் சொன்னா நம்பமாட்டிய! இன்னும் ஒரு நிமிஷந்தான் இருக்கு!"

சொல்லிக்கொண்டே அவன் விலை போட, பலகையைத் தாங்கியிருந்த ஒரு கையையும் எடுத்துவிட்டான். பலகை கூட்டத்தின் மேல் சாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஆளுக்கொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். மாரிச்செல்வம் ஒரு மூலை, எண்ணெய்த் தலை அம்மாள் ஒரு மூலை, நடுவிலே உமாராணி. மற்றக் கையில் எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டு விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். பால்வண்ணநாதனும் ஓடிவந்து காலியாக இருந்த மூலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரும் மற்றக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டார்.