காருக்குப் பத்துப் பொருத்தம்

யந்திரானந்த சித்தர் பதுளைக்கு வந்து இறங்கியதிலிருந்து ஊருக்கு வேறு பேச்சே இல்லை. பேய் ஓட்டுகிறவர் வந்ததுண்டு. குறி சொல்கிறவர் வாரம் ஒருவர் வருவார். ஆனால் எஞ்சினுக்கு ஜாதகம் பார்க்கிற சாமி வந்தது இதுதான் முதல் தடவை. விடுவார்களா நம் ஜனங்கள்? விடிந்தும் விடியாமலும் கடைவீதிக் கொட்டகை முன்னால் கூட்டம். அந்தக் காலத்தில் ஊரில் மோட்டார் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூட்டமோ தேர்க்கூட்டம். தையல் மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு ஒருவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர், மாட்டு வண்டியோடு இன்னொருவர். மாட்டுக்குள் எஞ்சின் இருப்பதாக யார் சொன்னார்களோ!

சித்தரின் தத்துவம் ரொம்பச் சுலபம். எஞ்சினுக்குள் ஓடுகிற எண்ணெயில் மண்ணும் கரியும் சேரும். அதை வடிக்க உள்ளே ஒரு வடிகட்டி இருக்கும். பழசானால் மாற்ற வேண்டும். இதுவரைக்கும் உண்மை. இதற்கு மேலேதான் சாமி ஏறுகிறது. எந்தக் காருக்கு எந்த வடிகட்டி என்று காரைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாதாம். கார் பிறந்த நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமாம். கார் எப்போது பிறந்தது? கொழும்புத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறக்கிய நேரத்தில்! பிரசவம் பார்த்தது யாரென்று நான் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் ஒரு பெயர் சொல்லியிருப்பார். கல்யாணத்துக்குப் பார்க்கிற பத்துப் பொருத்தத்தையும் காருக்கும் வடிகட்டிக்கும் பார்த்து, மஞ்சள் குங்குமம் தடவிய முரட்டுத் துணி ஒன்றைச் சுருட்டிக் கொடுப்பார். இமயமலைக் கவரிமான் ரோமமாம் அது.

அற்புதமும் உண்டு. இரண்டு பெரிய பித்தளை அண்டாக்கள், அடியில் ஆளுக்கொரு குழாய். முதல் அண்டாவின் வாயில் கடையில் விற்கிற வடிகட்டியை வைத்துக் கரி எண்ணெயை ஊற்றுவார். குழாயில் கறுப்பாகவே வரும். இரண்டாவது அண்டாவின் வாயில் மந்திரித்த வடிகட்டி. அதே கரி எண்ணெய். "ஓம் யந்திராய நம!" குழாயைத் திருகினால் பொன் நிறத்தில் எண்ணெய் ஒழுகும். அரோகரா! கன்னத்தில் போட்டுக்கொள்ள ஜனங்களுக்கு இரண்டு கை போதவில்லை.

புடவைக்கடை முதலாளி வைரவநாதனும் அந்தக் கூட்டத்தில் போய் விழுந்தார். அவரிடம் ஒரு சிவப்பு ரேஸ் கார் இருந்தது. ஹல்துமுல்லைத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. மலையேற்றத்தில் மற்றக் கார்கள் மூச்சு வாங்க, இது சீறிக்கொண்டு போகும். கொஞ்ச நாளாக முக்க ஆரம்பித்தது. டிரைவர் தங்கராஜா கழற்றிப் பார்த்தான். வடிகட்டி கிழிந்து கிடந்தது.

"முதலாளி, இது வேகமா சுத்துற எஞ்சினுங்க. கண்டதப் போட முடியாது. சன்னமான பித்தள வல வேணும். வலக்கண்ணு பெருசா இருந்தா மண்ணு உள்ள போயிரும், ரொம்ப நெருக்கமா இருந்தா எண்ணெயே போகாது. எஞ்சின் நம்பரச் சொல்லிக் கொழும்புல கேட்டா அனுப்புவாங்க."

"கொழும்புக்காரனுக்கு என் காரோட நட்சத்திரம் தெரியுமாடா?" என்றார் முதலாளி. கடையில் ஒரு முழத் துணியை மூன்று தடவை இழுத்துப் பார்த்து வாங்குகிற மனிதர் அவர்!

சித்தர் கொடுத்த துணியைத் தங்கராஜா விரலால் நிமிண்டிப் பார்த்தான். "சாமி, இது மயிர் உதிர்க்குதே. எண்ணெய்க் குழாய அடைச்சிருமுங்களே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான்.

கேள்வி கேட்டவனுக்கு உடனே தோஷம் பிறந்துவிட்டது. "பொருத்தம் எல்லாம் சரி, ரஜ்ஜு மட்டும் தட்டுது," என்று சித்தர் கண்ணை மூடினார். "காரு செவப்பு, செவ்வாயும் செவப்பு. இவனுக்குச் செவ்வாய் தோஷம். இவன் கை பட்டுத்தான் வடிகட்டி கிழிஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை புதுசு மாட்டுறதுக்குள்ள இவன் உன் வாசப்படியத் தாண்டிரணும்."

முதலாளி அப்படியே செய்தார். தங்கராஜாவுக்கு வேலையும் இல்லை, கடைக்குப் பின்னால் இருந்த அறையும் இல்லை.

அவன் மனைவி வேலாயி கடைவீதி முனையில் சாயத்தண்ணி விற்பவள். பாலில்லாத தேத்தண்ணி, ஆனால் சூடு குறையாது, அவள் வாயைப் போலவே. புருஷனும் பெண்சாதியும் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டு, வேலையே வேண்டாமென்று வந்தவர்கள். திரும்பிப் போனால் லயத்து வரிசை வீட்டில் யார் இடம் வைத்திருக்கிறார்கள்?

"எஞ்சினுக்குள்ள மண்ணு போகக்கூடாதுன்னு சொன்ன மனுசனோட சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டானே, படுபாவி!" என்று கொதித்தாள். பிறகு கேத்தலைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். ஊரெல்லாம் வடிகட்டியைப் பார்த்தது. அவள் மட்டும் அண்டாவைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. முதலாளியின் காருக்கு மாலை போட்டாயிற்று. இரண்டாவது அண்டாவில் பொன்னெண்ணெய் ஒழுகிக்கொண்டிருக்கிறது. வேலாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, கொதிக்கிற கேத்தல்களை இறக்கி வைத்துவிட்டு, அண்டா வாயில் இருந்த துணியை முகர்ந்தாள்.

"கவரிமான் ரோமமா சாமி? மழைக்குத் தலையில போட்டுக்கிட்டு நாங்க கொழுந்து பறிச்ச கம்பளி மாதிரில்ல இருக்கு? நாத்தங்கூட அதே நாத்தம்!"

"சூ! சாமி குத்தம்!" என்றது கூட்டம்.

"பாவம் செஞ்ச மூக்குக்கு அப்படித்தான் வாடை வரும்," என்று சித்தர் சிரித்தார்.

வேலாயி பயபக்தியோடு கும்பிட்டாள். "பாவந்தாஞ் சாமி. இதுல எந்த அழுக்க ஊத்துனாலும் சுத்த எண்ணெயா வருமா?"

"எதை ஊத்தினாலும்!"

"மெய்யாவா?"

"யந்திரானந்தன் வாக்குப் பொய்க்காது!"

சொல்லி வாய் மூடவில்லை, கேத்தல் கவிழ்ந்தது. சாயத்தண்ணி கடகடவென்று அண்டாவுக்குள் இறங்கியது. "ஏய், ஏய்!" என்று சித்தர் கையை நீட்டுவதற்குள் எல்லோரும் குழாயைப் பார்த்துவிட்டார்கள். பொன் நிறத்தில் எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருந்தது.

இப்போதாவது புரிந்திருக்குமே என்கிறீர்களா? நம் ஜனங்களை இன்னும் உங்களுக்குத் தெரியவில்லை.

"அரோகரா! சாயத்தண்ணியையே எண்ணெயாக்கிட்டாரே சாமி!" என்று தையல்காரர் தடாலென்று காலில் விழுந்தார். பின்னாலேயே பத்துப் பேர் விழுந்தார்கள். திருதிருவென்று விழித்த சித்தரும் சட்டென்று சமாளித்து, கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார்.

வேலாயி தலையில் அடித்துக்கொண்டாள். "அட பாவிகளா! சரி முதலாளி, இனிமே எண்ணெய எதுக்குக் காசு குடுத்து வாங்குறீங்க? நான் தண்ணி கொதிக்க வைக்கிறேன், சாமி எண்ணெயாக்கட்டும். இந்தாங்க!"

அடுத்த கேத்தல் கவிழ்ந்தது. அதற்கடுத்ததும் கவிழ்ந்தது. அண்டா நிரம்பி, வழிந்து, சித்தரின் திருப்பாதத்தில் கொட்டியது.

"ஐயோ! சுடுதே!"

கீழே குழாயில் எண்ணெய் நூலாய் மெலிந்து, சொட்டாகி, நின்றே போனது.

முதலாளியின் மண்டைக்குள் அப்போதுதான் வியாபாரி விழித்தார். "மேல வழியுது, கீழ சொட்டு இல்ல. நடுவுல என்னடா இருக்கு?" வடிகட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கத்தில் கிடந்த குச்சியை அண்டாவுக்குள் விட்டார். பாதி ஆழம்கூடப் போகவில்லை. 'டொக்'கென்று முட்டியது. "தட்டு! நடுவுல தட்டு வச்சு அடைச்சிருக்கான்! நல்ல எண்ணெய மொதல்லயே கீழ நிரப்பி வச்சிருக்கான், திருட்டுப் பய!"

சித்தர் எழுந்தார். பொருத்தம் பார்க்க வந்த சைக்கிளில் பொருத்தம் பாராமலே ஏறி மிதித்தார். முதல் வளைவிலேயே செயின் கழன்று கால்வாயில் விழுந்தார். பிடித்துக்கொண்டு வந்து மூட்டையை அவிழ்த்தால், உள்ளே கத்தரிக்கோலும் பாதி வெட்டிய தோட்டத்துக் கம்பளியும். காசு கொடுத்தவர்கள் அவரைப் பொலிஸுக்கு இழுத்துப் போனார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தங்கராஜாவிடம் முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தங்கராஜா, கொழும்புக்கு எழுதி நீ சொன்ன வடிகட்டிய எடுப்பிச்சிரு. வேலைய விட்டுப் போகச் சொன்னத மறந்துருப்பா."

"அவரு மறந்துருவாரு. நீங்க மறந்துராதீங்க முதலாளி," என்றாள் வேலாயி. சொல்லும்போதே குரல் உடைந்து கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

எதிரே வரிசை! அதே கூட்டம், கையைக் கூப்பிக்கொண்டு. முதல் ஆள் தையல்காரர்.

"ஆத்தா, உன் கேத்தலுக்குள்ள ஏதோ சக்தி இருக்கு. என் மெஷின் மேல ஒரு சொட்டுத் தெளிச்சு விடு தாயி, ரொம்ப நாளாத் துருப்பிடிச்சுக் கெடக்கு."

வேலாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துருப்பிடிச்சது உங்க மெஷின் இல்லண்ணே, கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்கீங்களே, அது. எந்தச் சாமியும் அதுக்கு எண்ணெய் போட மாட்டான். அது ஓட ஆரம்பிச்சா அவன் பொழப்பு நின்னுரும். நீங்களே கொஞ்சம் ஓட்டிப் பாருங்க!"