பெரியப்பா குடித்த சாம்பிள்

ஆராய்ச்சி செய்கிற ஆட்களைச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குள் விடும்போது, கையில் என்ன கொண்டுவருகிறார்கள் என்று பார்த்து விடுவது நல்லது. ஒருமுறை நான் கொண்டுபோன பாட்டிலால், சாகக் கிடந்த என் பெரியப்பா கண் விழித்துப் பேசினார். நன்றாக இருந்த என் அத்தை மயங்கி விழுந்தார். ஒரே நாளில் இந்த இரண்டையும் செய்த விஞ்ஞானி எங்கள் பரம்பரையிலேயே நான் ஒருத்திதான். (விஞ்ஞானியும் நான் ஒருத்திதான்.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மதுரையில் ஒரு ஆய்வகத்தில் சேர்ந்திருந்தேன். பூமிக்கு அடியில், பாறை இடுக்குகளுக்குள் காலங்காலமாக அடைபட்டுக் கிடக்கும் தண்ணீரில் என்ன உப்பு இருக்கிறது, என்ன உயிர் இருக்கிறது என்று பார்க்கிற வேலை. வீட்டில் யாருக்கும் இது பிடிபடவில்லை. விசாரித்தவர்களிடம் அப்பா, "தண்ணி டெஸ்ட் பண்ணுது" என்று சுருக்கமாக முடித்துவிடுவார். உடனே அவர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து நீட்டுவார்கள். நானும் கண்ணை இடுக்கிப் பார்த்து, "பரவாயில்லை" என்பேன். கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீடு சின்னமனூர் பக்கம். பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓட, இரண்டு போகம் நெல் விளையும். அப்பாவின் அண்ணன் வேலுச்சாமிப் பெரியப்பா, கல்யாணம் முடிந்ததும் பெரியம்மாவின் ஊரிலேயே தங்கிவிட்டவர். அந்த ஊர் ஆண்டிபட்டியைத் தாண்டி. வைகை அணை பக்கத்தில்தான் இருக்கிறது, தண்ணீர்தான் ஏறி வராது. அவருடைய தோட்டத்துக் கிணறு வற்றியபோது போர் போட்டார். ஆயிரத்துச் சொச்சம் அடி இறங்கியபிறகு தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் நாறியது. அழுகிய முட்டை நாற்றம். மோட்டார் போட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஊர் அதற்கு 'முட்டை போர்' என்று பேர் வைத்தது.

பெரியப்பாவுக்கு அதில் தீராத வருத்தம். "மோந்து பாத்துட்டுப் பேசுறானுக. ஒருத்தனாச்சும் குடிச்சுப் பாத்தானா?" என்பார். தொட்டியில் ஒரு ராத்திரி நின்றால் நாற்றம் போய்விடும். அதற்குப் பிறகு அவர் அதைத்தான் குடித்தார். மாடும் அதைத்தான் குடித்தது. ஒன்றரை ஏக்கர் முருங்கை அதில்தான் பிழைத்தது.

எனக்கோ அந்த நாற்றம் மல்லிகைப் பூ மாதிரி. கந்தக உப்பை வைத்து மூச்சு விடுகிற நுண்ணுயிர்கள் வெளியே தள்ளும் வாயு அது. அவற்றுக்கு வெயில் வேண்டாம், காற்றும் வேண்டாம். பாறையும் தண்ணீரும் சேர்ந்து உண்டாக்கும் கொஞ்சம் ஹைட்ரஜனைத் தின்றுகொண்டு, ஒன்று இரண்டாகப் பெருகவே வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டு கிடப்பவை. அந்தத் தண்ணீர் மழையாக விழுந்து பல ஆயிரம் வருடம் ஆகியிருக்கும் என்று எங்கள் முதல் சோதனை சொன்னது. நான் ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன்.

"பல ஆயிரம் வருசத்துத் தண்ணி பெரியப்பா!"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் ஊசிப்போயிருக்கு" என்றார்.

இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு பழைய தண்ணீர் திரும்ப ஊறாது, எடுத்தால் எடுத்ததுதான். பெரியப்பா முருங்கைக்குள் நடந்துகொண்டே காய் பறித்து என் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வருடம் போரில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. பெரியப்பாவும் படுத்துவிட்டார். நுரையீரல். மதுரைக்குக் கொண்டுவந்து காட்டினோம். கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கே கூட்டிப்போகச் சொன்னார்கள். காற்று கொடுக்கிற மெஷின் ஒன்று கட்டில் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்க, மூக்கில் குழாயோடு கிடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆய்வகத்து மேடம் கூப்பிட்டார். "அந்த போர் மொத்தமா வத்துறதுக்குள்ள இன்னொரு சாம்பிள் வேணும்மா. இல்லாட்டி உன் ஆராய்ச்சி பாதியிலயே நின்னுரும்."

பெரியப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். (பாதி உண்மை. மீதிப் பாதி மடியில் இருந்த ஐஸ் பெட்டிக்குள் இருந்தது.)

மறுநாள் காலையில் பெரியப்பாவின் மகன் முருகன் அண்ணன் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். மோட்டார் போட்டதும் குழாய் இருமியது, துப்பியது, பிறகு விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்தது. கிருமிகளுக்கான பாட்டிலை வாளிக்குள் முங்க வைத்து, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும். காற்றுப் பட்டால் உள்ளே இருப்பவை செத்துவிடும். அதே அளவில் இன்னொரு பாட்டில், உலோகங்களைப் பார்ப்பதற்கு. அதில் மட்டும் சில சொட்டு ஆசிட் விட வேண்டும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்பதால் மூடியில் எழுதி வைக்க வேண்டும்.

நான் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். ஐஸ் உருகினால் ஸ்கெட்ச் என்ன ஆகும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் எம்.எஸ்சி.

பெட்டியை மூடும்போதே அண்ணனின் போன் அடித்தது. பெரியம்மா. "ஏலே முருகா, ஐயாவுக்கு இழுப்பு ஒரு மாதிரி இருக்குடா. வெரசா வா."

பைக்கில் பின்னால் உட்கார்ந்து பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன்.

வீட்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள். வடுகபட்டியிலிருந்து அத்தை, அதாவது பெரியப்பாவின் தங்கை, வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பெரியப்பா கண்ணை மூடிக் கிடந்தார். கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. பெட்டியை மூலையில் வைத்துவிட்டு, மதுரைக்கு இன்று வர முடியாது என்று மேடத்திடம் சொல்லப் பின்பக்கம் போனேன். மாட்டுக் கொட்டத்துப் பக்கம்தான் சிக்னல் கிடைக்கும்.

"சாம்பிள் சேஃபா இருக்குல்லம்மா? காத்துப் படாம?"

"யாரும் தொடல மேடம்" என்றேன். அதே நேரம் உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"வாயத் தொறங்கண்ணே. உங்க தோட்டத்துத் தண்ணிதான்."

பெரியப்பா முந்தின நாளிலிருந்தே தோட்டத்துத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தொட்டி வறண்டு நாளாகியிருந்தது. பெட்டியில் இருப்பது தோட்டத்துத் தண்ணீர்தான் என்று முருகன் அண்ணன் யதார்த்தமாகச் சொல்லியிருக்கிறான். அத்தை ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து, கரண்டியில் ஊற்றிப் பெரியப்பா வாயில் விட்டிருக்கிறார்.

நான் உள்ளே ஓடினேன். கட்டில் பக்கத்தில் ஒரு பாட்டில் திறந்திருந்தது, இன்னொன்று மூடியிருந்தது. இரண்டு மூடிகளும் குழந்தை முகம் மாதிரி சுத்தமாக இருந்தன. ஒரு எழுத்து இல்லை.

"ஊத்தாதீக! அதுல ஆசிட் இருக்கு!"

அடுத்த நொடி அத்தை, "ஐயோ, எங்கண்ணன் வாயில என் கையாலயே ஆசிட்ட ஊத்திப்புட்டேனே!" என்று அலறி அப்படியே சாய்ந்தார். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். வாசலில் யாரோ, "ஆசிட்டாம்ல! யாரு குடுத்தாக?" என்று கேட்க, "தம்பி மகளாம்" என்று இன்னொருவர் பதில் சொன்னார். (டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது சொத்துத் தகராறு ஆகிவிட்டிருந்தது.)

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. திறந்திருந்த பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தேன். ஆசிட் என்றால் புளிக்கும். புளிக்கவில்லை. அழுகிய முட்டைதான் மூக்கு வரை ஏறியது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"பயப்படாதீக! ஆசிட் இல்ல! இது வெறும் கிருமிதான்! எல்லாம் கிருமிதான்!"

அப்போதுதான் எழுந்து உட்கார்ந்த அத்தை மறுபடி சாய்ந்தார்.

அந்தக் களேபரத்துக்கு நடுவில் பெரியப்பா கண்ணைத் திறந்தார். நாக்கால் உதட்டைத் தடவினார்.

"யாரு இங்கன முட்டை அவிக்கிறது?" என்றார்.

முதலில் சிரித்தது பெரியம்மாதான். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "நம்ம தோட்டத்துத் தண்ணி. உங்க தம்பி மக பிடிச்சாந்திருக்கா."

"இன்னும் வருதா?"

"வருதுய்யா" என்றான் முருகன் அண்ணன்.

"அப்ப இன்னொரு வாய் குடு."

பெரியம்மா கரண்டியை என் கையில் கொடுத்தார். மூன்று கரண்டி, நான்கு கரண்டி என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். பாதி வாயில் போனது, பாதி கழுத்தில் வழிந்தது. பாட்டில் காலியானது. மேடத்தின் முகம் ஒருமுறை மனதில் வந்தது, போனது.

மத்தியானத்துக்குமேல் அவருக்குத் தெளிவு கூடியது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஏத்தா, உன் பரீட்சைத் தண்ணிய நான் குடிச்சுப்புட்டேனாமே?"

"அது கெடக்கு பெரியப்பா."

"மிச்சம் இல்லயா?"

"இருந்தாலும் பிரயோசனமில்ல. மூடியத் தொறந்தாச்சு. காத்துப் பட்டா அதுக செத்துரும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, நான் நெஞ்சைத் தடவிவிட, அடங்க வெகுநேரமானது. "நான் காத்துக்கு மெஷின் வச்சுக்கிட்டுக் கெடக்கேன். அதுகளுக்குக் காத்துப் பட்டாச் சாவா? ரெண்டு பேரையும் கொண்டாந்து ஒரே வீட்ல வச்சிருக்க பாரு."

பிறகு சன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார். "ஐப்பசி மழைக்கு போர் ஊறிருமா?"

"ஊறிரும் பெரியப்பா."

"உனக்குப் பொய் சொல்ல வரல ஆத்தா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பல ஆயிரம் வருசத்துத் தண்ணின்னு நீ சொன்ன அன்னைக்கே தெரியும். அது நம்ம மழைக்கு ஊறுனது இல்லல்ல?"

"அப்பறம் எதுக்குக் கேட்டீக?"

"நீ என்ன சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். என் கையைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை.

மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

குளிப்பாட்டத் தோட்டத்துத் தண்ணீர்தான் வேண்டும் என்று பெரியம்மா பிடிவாதமாகச் சொன்னார். முருகன் அண்ணன் மோட்டார் போட, நான் குடத்தோடு நின்றேன். தண்ணீர் வந்தது. நாறியது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. குடங்கள் நிறைய நிறைய எடுத்துப்போனார்கள். கடைசிக் குடம் முக்கால் ஆகும்போது குழாய் இரண்டு முறை இருமியது, அதன்பிறகு காற்று மட்டும் வந்தது. அண்ணன் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான். உபரியாகக் கொண்டுவந்த காலி பாட்டில்கள் என் பைக்குள் இருந்தன. ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை. மாலையில் அவரை முருங்கைத் தோட்டத்து ஓரத்திலேயே புதைத்தார்கள். அந்த போரில் அதற்குப் பிறகு தண்ணீர் வரவே இல்லை.

மேடத்திடம் நடந்ததை அப்படியே சொன்னேன். "சரி, ஆசிட் போட்டதையாவது கொண்டா, மெட்டல்ஸ் பாக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, "சாரிம்மா. முதல்ல துக்கத்த விசாரிச்சிருக்கணும்" என்றார். பிறகு வேறு ஊர், வேறு போர், வேறு கிருமிகள் என்று எப்படியோ டாக்டர் பட்டம் வாங்கினேன். முட்டை போரின் கிருமிகள் என்ன ஜாதி, எப்படி வாழ்ந்தன என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. இப்போது மூடிகளில் அழியாத மையால் எழுதுகிறேன். ஒருமுறைக்கு மூன்று முறை எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு வருடா வருடம் படையல் போடுகிறோம். இலையில் சோறு, கறிக்குழம்பு, ஒரு கட்டு பீடி, அதன் பக்கத்தில் ஒரு அவித்த முட்டை. போன வருடம், புதிதாக வந்த முருகன் அண்ணன் மனைவி பெரியம்மாவிடம் கேட்டாள். "மாமாவுக்கு முட்டைன்னா அம்புட்டுப் பிரியமா அத்தை?"

பெரியப்பா ஆயுசில் முட்டை தொட்டதில்லை. வீடே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. வடுகபட்டி அத்தை முதலிலிருந்து கதையை ஆரம்பித்தார். (அத்தையின் கணக்கில் அவர் மயங்கி விழுந்த தடவை வருடத்துக்கு ஒன்று கூடுகிறது.) 'வெறும் கிருமிதான்' என்று நான் குதித்த இடத்தைச் சிறுசுகள் நடித்துக் காட்டினார்கள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"ஏத்தா, அவுக வகுத்துக்குள்ள போனதுக உடனே செத்திருக்குமா?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தேன். குடலுக்குள் காற்று இல்லை. வெளிச்சமும் இல்லை.

"பாதி செத்திருக்கும் பெரியம்மா. பாதி பொழச்சிருக்கும்."

எந்த ஆய்வகமும் ஒத்துக்கொள்ளாத பதில். பெரியம்மா ஒத்துக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டு, இலையிலிருந்த முட்டையை எடுத்து, அதன்மேல் விழுந்திருந்த ஊதுபத்திச் சாம்பலை ஊதி, என் கையில் வைத்தார். அந்த முட்டையை நான்தான் தின்ன வேண்டும் என்பது வீட்டில் சட்டம். ஆறிப்போய் ரப்பர் மாதிரி இருக்கும். தின்றேன்.