மூன்று மாநிலச் சட்டமும் ஒரு போத்தல் எண்ணெயும்

விதிமுறை வாசிக்கும் வியாதி எனக்கு உண்டு. ஒத்துக்கொள்கிறேன். கைத்தொலைபேசி ஒப்பந்தத்தில் எல்லோரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். நான் கடைக்காரரை நிறுத்திவைத்து பதினான்காம் பக்கத்தில் சந்தேகம் கேட்பேன். ஸ்காபரோவில் ஒரு கொண்டோ கட்டடத்தில் சூப்பரின்டென்டன்ட் வேலை. லிஃப்டுக்குள் என்னென்ன செய்யக்கூடாது என்று பட்டியல் எழுதி ஒட்டுவதுதான் இந்த நாட்டில் நான் செய்துவரும் இலக்கியப் பணி. (ஒருவரும் வாசிப்பதில்லை. அது வேறு கதை.)

ஒரு பனிக்காலம் முழுக்கக் கட்டட வாசலில் பனி அள்ளிக் கொட்டியதில் முதுகு பிடித்துக்கொண்டது. என்னோடு வேலை செய்பவர் ஒரு வழி சொன்னார். ஹெம்ப் என்றொரு செடி இருக்கிறதாம், கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம், ஆனால் சாது. அதிலிருந்து எடுக்கும் சிபிடி என்ற சத்து போதை தராது, நோவைத்தான் குறைக்கும் என்றார்.

கனடாவில் கஞ்சா சட்டப்படி விற்கலாம்; ஆனால் சிபிடியையும் அந்தக் கஞ்சாக் கடையில்தான் வாங்கலாம். சிக்கல் அங்கேதான். மில்லிக்கனில் நான் போகும் பிளாசாவில் கஞ்சாக் கடைக்கு நேரெதிரே தமிழ்க் கடை. கொத்துரொட்டிக்கு நிற்பவர்களில் பாதிப்பேர் தெரிந்த முகங்கள். நான் அந்தக் கதவைத் தள்ளினால், "வதனியின்ர மனுசன் கஞ்சா அடிக்கிறாராம்" என்ற செய்தி நான் வெளியே வருமுன் பிக்கரிங் வரை போய்விடும். ஆகவே பக்கத்திலிருந்த ஆரோக்கிய உணவுக் கடைக்குள் நுழைந்தேன். அங்கே தட்டில் 'ஹெம்ப்' என்று பெரிய எழுத்துப் போட்ட கரும்பச்சைப் போத்தல் ஒன்று இருந்தது. அதே சாமான், மானம் போகாத கடையில்! என் கெட்டித்தனத்தை நானே மெச்சியபடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று மாதம் என் மனைவி வதனி அதை முதுகில் தேய்த்துவிட்டாள். நூற்றுக்கு எண்பது வீதம் சுகம். சந்தித்தவர்களையெல்லாம் மறித்துச் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் வதனியின் தம்பி சுதனுக்கு நியூ ஜேர்சியில் கலியாணம். மாப்பிள்ளை முன்கூட்டியே விமானத்தில் போய்விட்டான். கூறைச்சேலையையும் தாலிக்கொடியையும் விமானத்துக்குக் கொடுக்க வதனி சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளையின் ஒரே அக்கா அவள். தன் மடியில் வைத்துத்தான் கொண்டுபோவேன் என்று நின்றாள். கலியாணத்துக்கு முதல்நாள் காலை நான், வதனி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் அபி மூவரும் காரில் புறப்பட்டோம். ஒன்பது மணி நேர ஓட்டம். முதுகுக்கு எண்ணெய் இல்லாமல் முடியுமா?

அதற்காக நான் சட்டத்தை மீறுகிற ஆளா? ஒரு மாதமாகப் படித்தேன். நியூ யோர்க், பென்சில்வேனியா, நியூ ஜேர்சி என்று கார் உருளப்போகும் மூன்று மாநிலங்களின் ஹெம்ப் சட்டங்களும் என் விரல் நுனியில் இருந்தன. போதைச் சத்து நூற்றுக்குப் புள்ளி மூன்றைத் தாண்டக்கூடாது என்பது நாட்டுக்குப் பொது. அதற்குமேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பாட்டுக்கு வயது, லைசென்ஸ், லேபிள் என்று சட்டம் போட்டிருந்தது. போதாததற்கு அவை மாறிக்கொண்டும் இருந்தன. எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாகப் போட்டு, அதை இரண்டு தடவை திருத்தினேன். நான்கு நிறத்தில் அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டேன்.

"இஞ்சருங்கோ, உந்த எண்ணெயை ஏன் காவுறியள்? ரெண்டு நாள் பூசாட்டி முதுகு முறிஞ்சு போமோ?" என்று வதனி கேட்டாள்.

"நீர் பேசாமல் இரும். மூண்டு ஸ்டேற்றிலயும் லீகல்" என்றேன்.

எல்லைப் பாலத்தில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. கஞ்சாவோடு எல்லை தாண்டக்கூடாது என்று ஒரு பெரிய பலகை தெரிந்தது. எனக்கில்லை என்று நினைத்தேன். பின் சீற்றில் இருந்த அபி என் அட்டவணையைப் புரட்டிவிட்டுத் தன் தொலைபேசியைத் தட்டினாள்.

"அப்பா, நீங்க ஸ்டேற் லோ மட்டும்தானே பாத்தனீங்க? போடர்? இஞ்ச சொல்லியிருக்கு, கனடாவில சிபிடி எண்டாலே கன்னபிஸ்தான், கஞ்சாக் கணக்கு. ஹெம்ப்ல இருந்து எடுத்தாலும். கன்ட்ரிய விட்டு வெளில கொண்டுபோகவே ஏலாது. அப்பா, இட்ஸ் எ கிரைம்!"

மூன்று மாநிலத்தையும் படித்த நான், இரண்டு நாட்டுக்கும் நடுவிலிருந்த கோட்டைப் படிக்கவில்லை. பாலத்தில் திரும்ப வழியில்லை. முன்னால் நான்கு கார்தான்.

"ஆத்துக்குள்ள எறியுங்கோ!" என்றாள் வதனி.

"கமரா இருக்கு. குப்பை போட்டதுக்கும் சேர்த்துப் பிடிப்பாங்கள்."

"என்ர தம்பி நாளைக்கு வெறுங்கையோட இருக்கப்போறான். பொம்பிளை வீட்டுக்காரருக்கு என்ன சொல்லுறது? கொடி எங்கயெண்டு கேட்டா, அத்தான் எண்ணெய்யோட பிடிபட்டிட்டார் எண்டோ?" அவள் தாலிக்கொடிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் உண்மையிலேயே பயந்துபோனேன்.

சாவடியில் இருந்த அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நான், "சேர், என்னிடம் ஹெம்ப் இருக்கிறது. நானாகவே சொல்கிறேன். குடும்பத்துக்குச் சம்பந்தமில்லை" என்று போத்தலையும் அட்டவணையையும் ஒன்றாக நீட்டினேன். (கேட்ட கேள்வி அது இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.) காரை ஓரம் கட்டிவிட்டு உள்ளே போகச் சொன்னார்.

உள்ளே ஒரு வாங்கு. அதில் மூவரும் நெருக்கியடித்து இருந்தோம். வதனி என் பக்கம் திரும்பவேயில்லை. அபி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் மனதுக்குள் றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குத் தேங்காய்களைக் கூட்டிக்கொண்டே போனேன். பதினொன்றில் தொடங்கி நூற்றெட்டுக்கு வந்தபோது ஒரு பெண் அதிகாரி போத்தலோடு வந்தார்.

"இதை எதற்குப் பாவிக்கிறீர்கள்?"

"முதுகில் பூசுகிறேன், மடம்."

"சுகமா?"

"எண்பது வீதம்" என்றேன். பொய் சொல்லக்கூடாதல்லவா?

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, உள்ளேயிருந்த இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு, அதையே மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு போத்தலைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தை எனக்கு விரலால் காட்டினார்.

"இது ஹெம்ப் விதையைப் பிழிந்த எண்ணெய். நீங்கள் எழுதியிருக்கிற சத்து எதுவும் இதில் இருப்பதாகப் போடவில்லை. சாலட்டில் ஊற்றிச் சாப்பிடுவது. பொரியலுக்கு ஆகாது என்றும் எழுதியிருக்கிறார்கள். இதைக் கொண்டுபோக எந்த மாநிலத்தின் அனுமதியும் தேவையில்லை. நீங்கள் போகலாம்."

நான் போத்தலை வாங்கி அந்தச் சின்ன எழுத்தை இரண்டு தடவை வாசித்தேன். அதிகாரி அட்டவணையைத் தட்டிப் பார்த்து, "இது நன்றாக இருக்கிறது. நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். என் எழுத்தை ஒருவர் ஆசையாகக் கேட்டு வாங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

காரில் ஏறியதும் வதனிதான் முதலில் சிரிக்கத் தொடங்கினாள்.

"மூண்டு மாசம்! மூண்டு மாசம் நான் இந்தாளைச் சலட் மாதிரிப் பிரட்டியிருக்கிறன்!"

சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது அவளுக்கு. நானும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் அவமானப்பட்டதேயில்லை. மறுநாள் முகூர்த்தத்துக்குப் பிசகில்லாமல் கொடி ஏறியது. (எண்பது வீதச் சுகமும் அன்றோடு போய்விட்டது. இப்போது ஒழுங்காக வைத்தியரிடம் போகிறேன்.)

அபியின் தொலைபேசி வழியே கதை எனக்கு முன்னால் மண்டபத்துக்குப் போயிருந்தது. மணவறையில் இருந்த சுதனின் தோள் குலுங்கியது மந்திரத்தினால் அல்ல. சுதனும் மனைவியும் இப்போது பிக்கரிங்கில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களில் நான் மேசைக்குப் போனால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சுதனின் மனைவி சாலட் கோப்பையோடு என்னிடம் வந்து குனிந்து, முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல் கேட்பாள்:

"அண்ணை, சாப்பிடவோ, பூசவோ?"

வீடு அதிரும். திருப்பிச் சொல்ல எனக்கும் நாலு வார்த்தை தெரியும். ஆனால் அவள் குனியும்போது அன்று பாலத்தில் வதனி நெஞ்சோடு அணைத்திருந்த அந்தத் தாலிக்கொடி கழுத்திலிருந்து முன்னால் வந்து என் கண்ணுக்கு நேரே ஆடும். நான் தட்டை நீட்டிவிடுவேன்.