அதிகாரியின் போர்ப் பயிற்சியும் நாலு ஏக்கர் உளுந்தும்

இந்திய நாட்டில் தோல்வியை ஒரு துறையாக வளர்த்து, அதற்கு அலுவலக நேரத்தையும் ஒதுக்கி, முறைப்படி பயிற்சியும் அளித்த முதல் அலுவலகம் எங்கள் அலுவலகம்தான். கோவில்பட்டியில் அது எந்தத் தெருவில் இருக்கிறது, அதன் பெயர் என்ன என்பதையெல்லாம் அடக்கம் காரணமாகச் சொல்லாமல் விடுகிறேன். விவசாயிகளுக்கு மானிய விதை வழங்கும் அலுவலகம் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். நான் அங்கே இளநிலை உதவியாளர். பெயர் பூவனநாதன். மேற்படி தோல்விகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

2002-ஆம் ஆண்டு ஆனி மாதம் எங்களுக்கு இரண்டு கணினிகள் வந்து இறங்கின. விவசாயிகளின் விவரங்களை ஏற்றுவதற்காக மேலிடம் அனுப்பியவை. ஒன்றை அதிகாரி செண்பகராஜ் அவர்களின் அறையில் வைத்தோம். மற்றொன்று சுவருக்கு இந்தப் பக்கம், என் மேஜையில். இரண்டையும் ஒரு நீல வயர் இணைத்தது. சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்ட துணி உறை தைத்து மூடினோம். செருப்பைக் கழற்றாமல் யாரும் கிட்டே போவதில்லை.

பொருத்த வந்தவர் தூத்துக்குடியைச் சேர்ந்த ரெஜின் என்ற இளைஞர். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று 'சோதிப்பதற்காக' ஒரு துப்பாக்கி விளையாட்டை ஏற்றினார். ஒரு பாழடைந்த கிடங்கு. அதற்குள் இரண்டு சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் தேடிச் சுட வேண்டும். முதலில் பத்து முறை சுட்டவர் வெற்றி பெற்றவர். சோதனை ஆட்டத்தில் ரெஜின் எங்கள் அதிகாரியைப் பத்துக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் சுட்டுத் தள்ளினார். ஊழியர்கள் ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ கொண்டுவந்தவரும் பார்த்தார்.

செண்பகராஜ் அவர்களின் சொந்த ஊர் எப்போதும்வென்றான். அந்த ஊரில் பிறந்த ஒருவர் டீக்கடைக்காரர் முன்னிலையில் பூஜ்யம் வாங்கினால் அது தனிமனிதப் பிரச்சினையாக நின்றுவிடாது.

"சர்வீஸுக்கு மறுபடி எப்ப வருவீங்க தம்பி?" என்று கேட்டார்.

"மூணு மாசம் கழிச்சு வாரேன் சார்."

"வாங்க. அப்ப பாப்போம்."

அன்று மாலையே கோப்பு திறக்கப்பட்டது. பொருள்: 'கணினித் திறன் மேம்பாடு'. காலை பத்தரை முதல் ஒன்று வரை தாக்குதல் பயிற்சி. மூன்று முதல் ஐந்து வரை தற்காப்பு. இடையில் விரல்களுக்கு நல்லெண்ணெய் தடவி ஓய்வு. கோப்பில் பக்க எண் போட்டவன் நான்.

பயிற்சி என்றால் பயிற்சியாளர் வேண்டும். எங்கள் ஊரில் பயிற்சியாளர் என்றால் ஹாக்கிப் பயிற்சியாளர்தான். வேறு வகையும் உண்டு என்பது இங்கே யாருக்கும் தெரியாது. ஜீப் டிரைவர் சோலைச்சாமி அந்தக் காலத்தில் மாவட்ட அளவில் ஆடியவர் என்பதால் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஒரு விசிலோடு வந்து அதிகாரியின் நாற்காலியை அப்புறப்படுத்தினார்.

"உக்காந்து ஆடுனா ஆட்டமா சார்? முட்டி மடங்கணும். இடுப்பு குனியணும். மட்டை தரைய விட்டு எந்திரிக்கப்பிடாது."

மட்டை என்பதை மவுஸ் என்று எடுத்துக்கொண்டோம். அன்று முதல் எங்கள் அதிகாரி நாற்காலி இல்லாமல், முட்டியை மடக்கி, மேஜை விளிம்பில் மோவாய் படும்படி குனிந்து நின்றே ஆடினார். காலையில் காம்பவுண்டைச் சுற்றி மூன்று ஓட்டம். இடைவேளையில் ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாய். நாலாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. வைத்தியத்துக்குப் போன நேரத்தைக் 'களப்பணி' என்று பதிவு செய்தோம்.

அவரை எதிர்த்து ஆடுவதற்கு நான் நியமிக்கப்பட்டேன். முதல் நாள் விவரம் புரியாமல் ஜெயித்துத் தொலைத்துவிட்டேன். மறுநாள் அதிகாரி என்னை அழைத்து, குளத்தூரில் ஓர் இளநிலை உதவியாளர் இடம் காலியாக இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார்.

"உப்பளத்துக் காத்து உடம்புக்கு ரொம்ப நல்லதுன்னு சொல்லுதாங்க, பூவனநாதன்."

அந்தக் கணமே நான் தோற்கத் தொடங்கினேன்.

தோற்பது சுலபம் என்று நினைப்பவர்கள் எங்கள் அதிகாரியோடு ஆடிப் பார்த்ததில்லை. அவர் கூரையைச் சுடுவார். தன் காலைச் சுடுவார். கிடங்கின் மூலையில் இருக்கும் ஒரு தார்ப் பீப்பாயில் முட்டிக்கொண்டு, வெளியே வரத் தெரியாமல் ஐந்து நிமிடம் நடந்துகொண்டே இருப்பார். அவருடைய குண்டு எந்தத் திசைக்குப் போகும் என்று கணித்து, அது வந்து சேர்வதற்குள் நான் ஓடிப்போய் அந்த இடத்தில் நிற்க வேண்டும். அதுவும் தற்செயலாக நின்றது போல நிற்க வேண்டும். இந்தத் திறமைக்காகப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் தினமும் காலை ஏழு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் பழகினேன். பத்துக்குப் பூஜ்யம் தோற்றால் சந்தேகம் வரும். பத்துக்கு மூன்று கௌரவமான தோல்வி. பத்துக்கு எட்டு என்றால் குளத்தூர்.

ஆடி மாதம் முடிவதற்குள் அதிகாரி தொடர்ந்து நாற்பது ஆட்டங்களில் வெற்றி பெற்றார். சோலைச்சாமி ஒவ்வொரு வெற்றிக்கும் நீளமாக விசில் அடித்தார்.

இந்த வளர்ச்சிப் பணிகளுக்கு நடுவே, ஆவணி மாதம் ஐந்தாம் தேதி, பசுவந்தனையிலிருந்து மாயகிருஷ்ணன் என்ற விவசாயி வந்து சேர்ந்தார். நாலு ஏக்கர் கரிசல். உளுந்து விதைக்க வேண்டும். விதைச் சீட்டில் அதிகாரியின் கையெழுத்து விழுந்தால், பின்கட்டுக் கிடங்கில் மூட்டையை வாங்கிக்கொண்டு போகலாம். இதற்குக் காலம் உண்டு. மானாவாரிக் காட்டில் புரட்டாசி மழை விழுவதற்கு முன்னால் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். மழை விழுந்துவிட்டால் கரிசலில் கால் வைக்க முடியாது. வைத்த காலோடு பாதி நிலமும் ஒட்டிக்கொண்டு வரும். நிலம் காய்ந்து ஏர் இறங்குவதற்குள் பருவம் போய்விடும். பருவம் போனால் அந்த வருஷம் போனது.

வழக்கப்படி அவரிடம், "ஐயா முக்கியமான வேலையில இருக்காவ" என்றேன். உள்ளேயிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

"உள்ள என்ன அண்ணாச்சி வெடிச் சத்தம்?"

"விவரம் ஏத்துதாவ. உக்காருங்க."

உட்கார்ந்தார். மற்ற விவசாயிகள் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று போய்விட்டார்கள். மாயகிருஷ்ணன் பிடிவாதக்காரர். காலை முதல் பஸ்ஸுக்கு வந்து, என் நாற்காலிக்கு நேர் பின்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, மாலை கடைசி பஸ்ஸுக்குப் போவார். அவருடைய சீட்டை நான் இரண்டு முறை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓட அடியில் நல்ல தாள் வேண்டும் என்று சோலைச்சாமி சொல்லியிருந்தார். விதைச் சீட்டுத் தாள் அதற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. மூன்றாவது சீட்டை எழுதியபோது மாயகிருஷ்ணன் அதைக் கையை விட்டுத் தரவில்லை.

ஒரு வாரம் போன பிறகு மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? அந்தப் பீப்பாய்கிட்ட முட்டிக்கிட்டு நிக்குதது உங்க ஆபீசர்தான?"

"ஆமா."

"முதுகைக் காட்டிக்கிட்டுல்லா நிக்காவ. சுட வேண்டியதுதான?"

"அது மரியாதை இல்ல."

"நீங்க என்னன்னா சுத்திப் போயி அவியளுக்கு முன்னால நிக்குதிய."

"அதுக்குப் பேரு நிர்வாகம்."

"எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு" என்றார். என்ன பேர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மதியம் அதிகாரி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் என் கணினி சும்மா கிடக்கும். பொதுச் சொத்து சும்மா கிடக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், மாயகிருஷ்ணனைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்த விளையாட்டில் எதிராளி இல்லாவிட்டால் கணினியே சில சிப்பாய்களை அனுப்பும். முதல் நாள் மவுஸைத் திருப்பிப் பிடித்திருந்தார். பத்து நாளில் கணினியின் சிப்பாய்கள் ஒருவரும் மிஞ்சவில்லை.

"இது என்ன பெரிய வேலை அண்ணாச்சி. சோளக் காட்டுல பன்னிக்குக் காவல் இருக்கதுதான். அதுவா வரட்டும்னு ஒரே இடத்துல இருக்கணும். வாற தடம் ஒண்ணுதான, மாறவா போகுது?"

புரட்டாசி பிறந்து இரண்டு வாரம் ஆனது. வடகிழக்கில் மேகம் கட்ட ஆரம்பித்தது. அவர் பெஞ்சிலிருந்து எழுந்துபோய் வாசலில் நின்று பார்ப்பதும், திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தார்.

"பக்கத்துக் காட்டுக்காரன்லாம் விதைச்சிட்டான் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு நாளு தாங்கும். அதுக்கு மேல தாங்காது. எம் பொண்டாட்டி என்னைய ஊருக்குள்ளயே வரப்பிடாதுன்னுட்டா."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே இருந்தது. ஆனாலும் குளத்தூரை நினைத்து வேலையைத் தொடர்ந்தேன். அன்றைக்கு அறுபது முறை செத்தேன்.

புரட்டாசி பதினாறு. ரெஜின் சர்வீஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்த நாள். அதிகாரி அதிகாலையிலேயே காம்பவுண்டை ஆறு சுற்று ஓடிவிட்டு, நெற்றியில் திருநீறோடு காத்திருந்தார். பதினொரு மணிக்கு டெலிபோன் அடித்தது. ரெஜின் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். வேறு ஆள் அடுத்த மாதம் வருவாராம்.

அதிகாரி போனை வைத்தார். அவருடைய முகத்தில் மெல்ல ஒளி பரவியது.

"பயந்து கடல் தாண்டி ஓடிட்டான்" என்றார்.

சோலைச்சாமி விசில் அடித்தார். டப்பா திறக்கப்பட்டு எல்லோருக்கும் கடலை மிட்டாய் வழங்கப்பட்டது. மூன்று மாத உழைப்புக்கு இறுதி வெற்றி கிடைத்துவிட்டதாகக் கோப்பில் குறிப்பு எழுதச் சொன்னார். எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். வெற்றி பெற்றவருக்கு அது எப்படி முடியும்? அறை வாசலில் வந்து நின்று எங்கள் ஏழு பேரையும் டீக்காரரையும் பார்த்து அறிவித்தார்.

"இந்த ஆபீஸ்ல என்னைய ஒரு ஆட்டம் ஜெயிக்க ஆள் இருக்கா? இருந்தா வரட்டும். ஜெயிச்சவன் எதை நீட்டினாலும் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுதேன். இது என் வார்த்தை."

யாரும் அசையவில்லை. எல்லோருக்கும் குளத்தூர் தெரியும். அதிகாரி சிரித்துக்கொண்டே உள்ளே போய், முட்டியை மடக்கி நின்றுகொண்டார்.

என் பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது.

"கொஞ்சம் எந்திரிங்க அண்ணாச்சி" என்றார் மாயகிருஷ்ணன்.

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மூன்று மாதமாக அடுத்தவருக்கு வழிவிட்டே பழகிய உடம்பு அல்லவா. அவர் உட்கார்ந்தார். "சார், ஒருத்தர் தயார்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

ஆட்டம் ஆறு நிமிடம் நடந்தது. மாயகிருஷ்ணன் பீப்பாய்க்கு எதிரே ஒரு தூண் மறைவில் போய் நின்றார். பிறகு நகரவே இல்லை. அதிகாரி வழக்கமான தடத்தில் ஓடிவந்து, வழக்கமான பீப்பாயில் முட்டிக்கொண்டார். மாயகிருஷ்ணன் சுட்டார். அதிகாரி மறுபடி பிறந்து, அதே தடத்தில் ஓடிவந்தார். இவர் மறுபடி சுட்டார். சுவருக்கு அந்தப் பக்கம், "குனிங்க சார், இன்னும் குனிங்க" என்று சோலைச்சாமியின் குரல் கேட்டது. நாலாவது சாவில் அந்தக் குரலும் நின்றுபோனது. அதற்கு மேல் எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. திரைதான் சொன்னது: பத்துக்குப் பூஜ்யம்.

கதவு திறந்தது. அதிகாரி முட்டி மடங்கிய நிலையிலேயே வெளியே வந்தார். முதலில் என் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருப்பது தெரிந்ததும் அவருக்குக் குழப்பமாகிவிட்டது.

"யாருய்யா நீ?"

"பசுவந்தனை மாயகிருஷ்ணன் சார். உளுந்து விதைக்கு வந்தேன்."

மேஜையில் சீட்டை வைத்தார். வியர்வையில் நைந்து, நாலாக மடிந்து கிடந்த சீட்டு. அதிகாரி எங்கள் ஏழு பேரையும் பார்த்தார். டீக்காரர் தட்டோடு நிற்பதையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன், மூன்று வினாடிதான் ஆனது. எங்கள் அலுவலகத்தில் தாமதம் என்று புகார் எழுதிப் போடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

பேனாவை மூடியபடி அதிகாரி தணிந்த குரலில் கேட்டார். "இந்த ஆட்டத்தை எங்கய்யா படிச்ச?"

"இந்தப் பெஞ்சுலதான் சார். ஆவணி அஞ்சுல இருந்து நாளு தவறாம உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன்."

சீட்டை எடுத்து, மை காயட்டும் என்று ஒருமுறை ஊதிவிட்டு, கிடங்குப் பக்கம் திரும்பினார் மாயகிருஷ்ணன்.

"வேற வேலை எதுவும் நடந்திருந்தா அதையும் படிச்சிருப்பேன் சார்."