நீர்த்துளி நடந்த முப்பது நொடி

அசையாதனவற்றை அசைவித்து, அசைவனவற்றை அடக்கியாளும் முதல்வன் திருவடி வாழ்க. உலகைப் படைக்கும்போது அவன் எவரிடமும் ஒப்புதல் கோரவில்லை. கோரியிருந்தால் நாம் இன்னும் முதல்நாள் இருட்டிலேயே கிடந்திருப்போம்.

குடிநீர் வாரியத்தின் இரண்டாம் மாடியில் ஒரு கைகழுவும் தொட்டி உண்டு. அதன் குழாய் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மூடுவது பராமரிப்புப் பிரிவின் கடமை. திறப்பது மட்டுமே ஏனையோர்க்கு உரியது. இத்தகைய வாரியம், "குழாயை மூடுவீர்" என மக்களுக்கு அறிவுறுத்த, நீர்த்துளி நடக்கும் முப்பது நொடி அசைபடம் ஒன்று செய்யத் திருவுளம் கொண்டது.

பணி, வரைபடப் பிரிவின் தற்காலிக ஊழியர் ஒருத்தியிடம் வந்தது. ஆறு ஆண்டுகளாக நிரந்தரமாகத் தற்காலிகமாயிருந்தவள். கைப்பேசியைப் பார்த்து அசைபடம் கற்றது நான்கே மாதம். ஆண்டு விழாவுக்குள் படம் முடிந்தால் பணி நிரந்தரம் என்றார் இயக்குநர்.

"துளிக்கு மூணு கால் போட்டாலும் பரவாயில்ல, ஆர்டரை வாங்கிட்டு வந்துடுடி" என்று வழியனுப்பினாள் அக்கா.

முதலில் கதையை ஒன்பது கட்டங்களாக அட்டையில் வரைந்து கண்காணிப்பாளரிடம் வைத்தாள். ஒழுகும் துளி அழுதுகொண்டே திரும்பி நடந்து, குழாயைத் தானே மூடுகிறது.

"துளி எதுக்கும்மா அழுது?"

"வீணாப் போறோமேன்னு சார்."

"நம்ம வாரியத் தண்ணி அழுதுன்னு வெளியில தெரியலாமா? சிரிக்க வை."

"வீணாப் போறப்ப எப்படி சார் சிரிக்கும்?"

"ஏன், நாம சிரிக்கலையா?"

துளி சிரித்தது. நொடிக்குப் பன்னிரண்டாக முந்நூற்று அறுபது தாள் வரைந்து முடித்தாள். ஒப்புதலுக்கு முன் ஒளிப்பதிவு செய்வது விதிமீறல் என்பதால், கட்டைச் சுமந்து மீண்டும் அவர்முன் நின்றாள்.

"நாப்பத்தொண்ணும் நாப்பத்திரண்டும் ஒரே படமா இருக்கே. யாரை ஏமாத்தப் பாக்குற?"

"கால் ஒரு நூல் தூக்கியிருக்கு சார். பாருங்க." தாள்களின் ஓரத்தைப் பெருவிரலால் சரசரவென விட்டுக் காட்டினாள். துளி குடுகுடுவென்று நடந்தது. கண்காணிப்பாளர் குழந்தையாகிவிட்டார், மும்முறை விடச் சொல்லிப் பார்த்தார். பிறகு பதவி நினைவுக்கு வந்தது.

"அப்படின்னா ஒவ்வொண்ணும் தனி ஆவணம். எல்லாத்துலயும் இயக்குநர் கையெழுத்து, வாரிய முத்திரை."

"ஓரமா போட்டுக்கலாமா சார்?"

"ஓரத்துல போட்டா நாளைக்கு யாராவது வெட்டி எடுத்துடுவாங்க. நடுவுலதான்!"

பதினோரு நாள் கையெழுத்து விழுந்தது. விழாவுக்கு இரண்டே நாள். திரும்ப வரைய நேரமில்லை. உள்ளதை உள்ளபடியே படம் பிடித்தாள்.

இரண்டாம் மாடி மண்டபத்தில் விளக்குகள் அணைந்தன. திரையில் கையெழுத்துப் புழுவாய் நெளிந்தது. முத்திரை தவளையாய்த் தத்தியது. அவற்றின் அடியில் துளியின் இரு கால்கள் மட்டும் தெரிந்தன. ஆறு ஆண்டும் போயிற்றென்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது என் கையெழுத்துதானே?" இயக்குநர் இருக்கை நுனிக்கு நகர்ந்தார். "என்னமா ஆடுது! இன்னொரு தடவை போடுங்க!"

கைதட்டல் அடங்கவில்லை. மூன்றாம் முறை ஓடுகையில் அவள் பாதம் சில்லிட்டது. வடிகுழாய் அடைத்துக்கொண்டதில் தொட்டி நிரம்பி, கதவடியில் நீர் புகுந்து வந்துகொண்டிருந்தது. எழுந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?" என்றார் பக்கத்து நாற்காலிக் கண்காணிப்பாளர்.

"குழாய் திறந்திருக்கு சார். மூடிட்டு வந்துடறேன்."

"உக்காரு! ஆர்டர் இன்னும் கைக்கு வரலை. இப்பப் போய் மூடினா, உன்னைப் பராமரிப்புப் பிரிவுன்னு எழுதிடுவாங்க."

அமர்ந்தாள். முன்வரிசையினர் கால்களை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டனர்; பின்வரிசையும் பின்பற்றியது; அவளும். நிரந்தர ஆணை, நனையாதபடி தலைகளுக்கு மேலே கைமாறி அவளை வந்தடைந்தது. திரையில் அந்தச் சிறு கால்கள் நடந்துகொண்டிருந்தன. அந்த மண்டபத்தில் குழாயை நோக்கி நடந்த கால்கள் அவை இரண்டே.

இதனைச் செவிமடுத்தோர் மனையில் நீர் வற்றாதிருக்க. இந்நேரம் உள்ளே எங்கோ சொட்டும் ஓசை கேட்குமாயின், "யாராவது மூடுவார்கள்" என்றிராது எழுந்தவர்க்கு எல்லா நலமும் உண்டாகுக. எழாதவர்க்கும் இறைவன் கால்களைத் தந்தருள்க.