சதுப்பைத் தாண்டிய ஒரே ஆள்

முத்தமிழ்செல்வனின் ஆள் மறுபடியும் சேற்றில் மூழ்கினான். கையிலிருந்த லாந்தர் மட்டும் கொஞ்ச நேரம் மேலே தெரிந்தது. பிறகு அதுவும் அணைந்தது. டிவியில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"இது அநியாயம்" என்றான் அவன், யாருமில்லாத வீட்டில்.

மனைவி கீதாஞ்சலி வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காகத் திருமானூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் முத்தமிழ்செல்வன், பெரம்பலூர் துறைமங்கலத்தில் மாடிவீட்டில் தனியாக இருந்தான். மாலையில் ஆலை பஸ்ஸை விட்டு இறங்கினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் 'சாம்பல் துறை'யை முதலிலிருந்து மறுபடி விளையாட உட்கார்ந்தான்.

அது சுடுகிற, துரத்துகிற விளையாட்டு இல்லை. ஆளொழிந்த ஒரு பழைய துறைமுக ஊர். ஓயாத மழை, பனிமூட்டம். அதில் லாந்தரோடு ஒருவன் நடந்துகொண்டே இருப்பான். பூட்டிய வீட்டுக்குள் யாரோ இருமுவது கேட்கும். கதவைத் தட்டினால் இருமல் நின்றுவிடும். பெரம்பலூர் வெயிலில் வெந்துவிட்டு வந்து அந்த மழைக்குள் நுழைந்தால் முத்தமிழ்செல்வனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோகும்.

அது வெளிவந்த வருஷம்தான் அவனுக்குக் கல்யாணம். நண்பர்கள் எல்லோரும் அப்போது அதே பைத்தியமாக இருந்தார்கள். வாட்ஸ்அப்பில் அதற்கென்றே ஒரு குழு, ஆளாளுக்கு முகப்புப் படமாக லாந்தர். விளையாட்டின் கடைசியில் ஒரு சதுப்பு நிலம் வரும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. தூரத்தில் அடிக்கும் ஒரு மணியோசையை மட்டும் நம்பிக் கால் வைக்க வேண்டும். குழுவில் இருந்த அத்தனை பேரும் அங்கேதான் செத்தார்கள், முத்தமிழ்செல்வனைத் தவிர. எப்படித் தாண்டினாய் என்று கேட்டவர்களுக்கு அவன் சொன்ன பதில் அன்றைக்குப் பிரசித்தம்.

"யோசிச்சா முடியாது மச்சான். அரைத் தூக்கத்துல கை தானா போயிடும். காலைல டிவியப் போட்டா அக்கரையில நிப்போம்."

அந்தக் குழுவில் இப்போது உடையார்பாளையத்து முந்திரித் தோப்பு விற்பனைக்கு வந்தது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ வந்தது. மறுபடி விளையாட ஆரம்பித்திருக்கிறேன் என்று அவன் போட்ட செய்திக்கு ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. முத்தமிழ்செல்வனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல பொருள் என்றைக்கும் நல்ல பொருள்தானே? ஊரெல்லாம் பேசும்போது தலையில் வைத்து ஆடுவது, பேச்சு அடங்கியதும் பெயரைக்கூட மறந்துவிடுவது, இதெல்லாம் ஒரு ரசனையா? இந்த நன்றிகெட்ட கூட்டத்துக்கு முன்னால் சதுப்பை இன்னொரு முறை தாண்டிக் காட்டினால்தான் மனசு ஆறும் போலிருந்தது.

ஆனால் சதுப்பு விடவில்லை.

பழைய கன்ட்ரோலரின் பட்டன் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, பழைய பஸ் ஸ்டாண்டு கடையில் புதிதாக ஒன்று வாங்கினான். தொட்டாலே ஓடுகிற ஜாதி அது. இதுவரை பாதிச் சதுப்பில் செத்துக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு முதல் அடியிலேயே செத்தான்.

கீதாஞ்சலிக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினான். விளையாட்டை ஏதோ மாற்றிவிட்டார்கள், அப்டேட் என்ற பேரில் கெடுத்துவிட்டார்கள் என்றான். அவள் எந்த இடம் என்று மட்டும் கேட்டாள். சதுப்பு என்றதும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அத ஏங்க இப்ப போயி எடுத்தீங்க? நான் வந்தப்பறம் வெளையாடலாம்ல."

இது அவனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பக்கத்தில் மனைவி இருந்தால்தான் ஒரு ஆண்பிள்ளைக்குச் சேற்றைத் தாண்ட வருமா? மாத்திரையைச் சரியாகச் சாப்பிடு என்று சொல்லிப் போனை வைத்தான்.

அடுத்து, தயாரித்த கம்பெனிக்கே இங்கிலீஷில் ஒரு புகார் எழுதினான். வாடிக்கையாளரின் நம்பிக்கை, துரோகம், நஷ்டஈடு என்ற சொற்கள் அதில் இடம்பெற்றன. விளையாட்டு வெளிவந்த நாளிலிருந்து அந்தப் பகுதியில் நாங்கள் ஒரு புல்லைக்கூட மாற்றவில்லை என்று கம்பெனி பணிவாகப் பதில் போட்டது. கம்பெனிகள் எப்படிக் கூசாமல் பொய் சொல்கின்றன என்பதற்கு அத்தாட்சியாக அந்தப் பதிலைக் குழுவில் போட்டான்.

செத்துக் கிடந்த குழு எழுந்து உட்கார்ந்தது. ஆனால் சிரிப்பதற்குத்தான். கூடப் படித்த லப்பைக்குடிக்காட்டு உசாமா, இப்போது ஷார்ஜாவில் இருப்பவன், குரல் செய்தியே அனுப்பிவிட்டான்.

"வயசாயிடுச்சுடா மச்சான். பேசாம கேரம் போர்டு ஒண்ணு வாங்கிக்க."

அன்றைக்கே முத்தமிழ்செல்வன் அறிவித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் பார்க்க நேரலையில் விளையாடுவேன். நான் தாண்டுவேன், இல்லையென்றால் கம்பெனியின் மோசடி அம்பலமாகும்.

மணி சரியாகக் காதில் விழாததுதான் கோளாறோ என்ற சந்தேகம் சனிக்கிழமை வந்தது. சவுண்டு சர்வீஸ் கடையில், கல்யாண வீட்டுக்கு வைக்கிற பெரிய ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்து வந்தான். ஞாயிறு காலையில் போனை ஸ்டாண்டில் பொருத்தி, நடுவில் அழைப்பு எதுவும் வராதபடி அடைத்து, நேரலையைத் தொடங்கினான். ஃபேன் சத்தம் மணியைக் கெடுக்கிறது என்று ஃபேனை நிறுத்தினான். வேர்த்து ஊற்றியதும் சட்டையைக் கழற்றினான். வேட்டியோடு, தலையில் ஈரத் துண்டோடு, காதை ஸ்பீக்கருக்கு நேராக வைத்துத் தரையில் உட்கார்ந்தான்.

டங். நிதானமாக ஒரு அடி. நீண்ட இடைவெளி. டங்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் வேணுகோபால், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தோசையை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார். சேகண்டியை அப்படி அடிப்பது சாவு வீட்டில்தான் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதறிக்கொண்டு மாடியேறி ஜன்னல் வழியே பார்த்தார். வெற்றுடம்பும் ஈரத் துண்டுமாக முத்தமிழ்செல்வன் தரையில் குறுகி உட்கார்ந்திருந்தான். தலையில் அடித்துக்கொண்டு, கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்து போய்விட்டான், எல்லாம் போச்சு என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

யார் போனது என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை. ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்று இறங்கிவிட்டார். தெருவில் நாலு பேருக்குச் சொன்னார். பந்தல்காரரை வரச் சொன்னார். குடிவந்தபோது வாங்கி வைத்திருந்த எண்ணில் திருமானூருக்குப் போன் செய்தார். மாமியார் கிருஷ்ணம்மாள்தான் எடுத்தாள்.

"மாப்ள வூட்ல சேகண்டி அடிக்கிதும்மா. கெளம்பி வாங்க" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

கிருஷ்ணம்மாள் மருமகனுக்குப் போன் மேல் போன் போட்டாள். ஒன்றும் போகவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மகளிடம் மூச்சு விடாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டு, வாடகைக் காரில் ஏறினாள்.

மாடியில் முத்தமிழ்செல்வன் செத்துக்கொண்டே இருந்தான். ஆனாலும் நேரலையைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நல்ல பொருள் தானாக ஆட்களை இழுக்கும் என்று அவன் பெருமைப்பட்டான். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குப் பின்னால், வாசலில். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கைகட்டி நிற்பதையும், ஒருவர் ரோஜா மாலையோடு யாருக்குப் போடுவது என்று தெரியாமல் எட்டி எட்டிப் பார்ப்பதையும் ஷார்ஜா வரைக்கும் பார்த்தார்கள்.

வேணுகோபால் மெல்ல வந்து அவன் தோளைத் தொட்டார்.

"யாரு தம்பி?"

"யாருன்னு கேக்குறீங்களா சார்? நான்தான். காலைலேர்ந்து நான்தான் செத்துக்கிட்டிருக்கேன்."

விஷயம் விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் யார் அதிகக் கோபப்படுவது என்பதில் போட்டி வந்தது. வேணுகோபால் ஆறிப்போன தோசைக்காகக் கோபப்பட்டார். நாற்காலிகளை இறக்கிவிட்ட பந்தல்காரர், எடுத்துப்போக மறுபடி ஆள் கூலி யார் தருவது என்றார். எல்லோரையும்விட முத்தமிழ்செல்வன்தான் கொதித்தான். ஒருவன் தன் வீட்டுக்குள் நிம்மதியாக ஒரு விளையாட்டு விளையாடக்கூடாதா, மாலையோடு வருவீர்களா என்று கேட்டான்.

அந்த நேரத்தில் கீழே கார் வந்து நின்றது. கிருஷ்ணம்மாள் படியேறி வந்து, மருமகனை ஏற இறங்கப் பார்த்து, பந்தல்காரரின் நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

தன் பக்கத்து நியாயத்தைக் கேட்க ஒரு ஆள் வந்துவிட்டார் என்று முத்தமிழ்செல்வன் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அத்தனை பேரும் செத்த இடத்தை ஒற்றை ஆளாகத் தாண்டியவன் நான். இன்றைக்கு எனக்கே வழி விடவில்லை என்றால் கம்பெனி திருட்டுத்தனம் செய்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதை நான் சும்மா விடப்போவதில்லை, கோர்ட்டுக்குப் போகப்போகிறேன் என்றான். தெருக்காரர்களில் இரண்டொருவர் தலையாட்டவும் செய்தார்கள். ஸ்டாண்டில் இருந்த போன் எல்லாவற்றையும் இன்னும் ஒளிபரப்பிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணம்மாள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். அரியலூர் தாண்டும்போதே மனசு கேட்காமல் மகளுக்குப் போன் செய்துவிட்டதாகவும், அது சதுப்பு மணியாகத்தான் இருக்கும் என்று கீதா எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னதாகவும் சொன்னாள். பாதி தூரம் வந்துவிட்டதால் நேரில் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருமகனின் மனம் நோகாதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கோர்ட்டெல்லாம் எதுக்கு மாப்ள? இப்ப கண்ணு முழிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. புள்ள பொறந்து அவ இங்க வரட்டும், முன்ன மாதிரியே நீங்க தூங்குனதும் அவளே தாண்டி வெச்சிடுவா."